ஜி.எஸ்.டி. ரோடு: நெடுக்கே பறக்கிறோம், குறுக்கே யார் கடப்பது?

மதுராந்தகத்தைத் தாண்டி, மேல்மருவத்தூர் வருவதற்குள் சாலையோரம் ஒரு டீக்கடை. காலை ஆறே முக்கால். காரை ஓரங்கட்டி, டீ சொல்லிவிட்டு நின்றிருந்தேன். எதிரே நடுத்தடுப்பில் அரளி வரிசையாகப் பூத்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் செடி இல்லை. ஓர் ஆள் ஒருக்களித்து நுழையலாம், அவ்வளவுதான் இடைவெளி. அங்கே மண் மிதிபட்டு மிதிபட்டு, சாணம் மெழுகிய வாசல்போல வழவழப்பாகக் கிடந்தது.

அந்த இடைவெளியில் ஓர் அம்மா வந்து நின்றார். அறுபதைத் தாண்டியிருக்கும். தலையில் புல்லுக்கட்டு, இடுப்பில் செருகிய அரிவாள். தலையில் சுமை இருப்பவரால் கழுத்தைத் திருப்ப முடியாது. உடம்பையே திருப்ப வேண்டும். அப்படி உடம்போடு திரும்பி, சென்னை இருக்கும் திசையைப் பார்த்தார். ஒரு கன்டெய்னர் லாரி போனது. அதை ஒட்டியே இரண்டு கார்கள். அப்புறம் ஓர் அரசு பஸ், ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு. அவர் காத்திருந்தார். பிறகு எதையோ கணக்குப் போட்டவர்போல ஓட்டமும் நடையுமாக இறங்கி இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்.

“நாலு வழி போட்டதுலேர்ந்து இப்படித்தான் சார்” என்றார் டீக்கடைக்காரர். “ஊரு இந்தாண்ட, கழனி அந்தாண்ட. கீழ்ப்பாலம் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கு. புல்லுக்கட்டோட மூணு கிலோமீட்டரு யாரு சுத்துவா?”

அந்த அம்மாவிடமே கேட்டேன். “பழகிடுச்சு தம்பி. பகல்ல ஒண்ணும் இல்ல. விடிகாலைலதான் பயம். லைட்டு கண்ணைக் கூசும், வண்டி தூரத்துல வருதா, கிட்ட வருதான்னு தெரியாது.”

அவர் போட்ட கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கத்து இரண்டு தடங்களின் அகலம் 7 மீட்டர். ஓரத்தில் தார் போட்ட பகுதியையும் சேர்த்தால் எட்டரை. தலைச்சுமையோடு அதைக் கடக்க ஒன்பது, பத்து நொடி ஆகும். 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு நொடிக்குச் சுமார் 28 மீட்டர் ஓடுகிறது. பத்து நொடிக்கு 280 மீட்டர். கால் கிலோமீட்டருக்கும் அப்பால் புள்ளியாகத் தெரிகிற காரைப் பார்த்து, அதன் வேகத்தை மனதில் அளந்து, ‘இறங்கலாம்’ என்று அவர் முடிவெடுக்க வேண்டும். இதைத் தினமும் நான்கு முறை செய்கிறார்: போகும்போது இரண்டு பாதைகள், வரும்போது இரண்டு. கண்புரை விழுகிற வயது வேறு.

நான் அந்தச் சாலையில் ஐந்தரை மணி நேரத்தில் சென்னையிலிருந்து திருச்சி போய்விடுகிற ஆள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குக் கிளம்புகிற லட்சக்கணக்கானவர்களில் ஒருவன். இந்தச் சாலையைக் குறை சொன்னால் என் நாக்கே என்னைக் கடிக்கும். ஆனால் அந்த மண் தேய்ந்த இடைவெளியைப் பார்த்த பிறகு ஒன்று பிடிபட்டது. இருபத்தைந்து ஆண்டுகளாக இதை அகலமாக்கிக்கொண்டே வந்தவர்கள் எல்லோரும் நெடுக்கே போகிறவர்களைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். குறுக்கே கடக்கிறவர்களை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

புளியமரத்திலிருந்து அரளிக்கு

ஜி.எஸ்.டி. என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு வரிதான் ஞாபகம் வருகிறது. 2017-ல் வந்த வரி அது. இந்தச் சாலைக்கு அந்தப் பெயர் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே உண்டு: கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. சென்னையில் கத்திப்பாராவில் தொடங்கி, பரங்கிமலை, மீனம்பாக்கம், தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், பெரம்பலூர், திருச்சி என்று இறங்கும். தேசிய நெடுஞ்சாலை எண் 45 என்ற பெயரில் திண்டுக்கல் வழியாகத் தேனி வரை ஓடிய சாலை இது. 2010-ல் நாடு முழுக்க எண்களை மாற்றியபோது 45 துண்டு துண்டாகிவிட்டது. திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரம் வரை 132, விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு 38. பதினைந்து ஆண்டுகள் ஆகியும் இந்த எண்களைச் சொல்லி வழி கேட்கிற ஒரு டிரைவரைக்கூட நான் சந்தித்ததில்லை. “ஜி.எஸ்.டி.ல போங்க”, “டிரிச்சி ஹைவேய்ஸ்” என்பதோடு சரி.

பழைய சாலை என் தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு பக்கமும் புளியமரம். அடியில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்து, அதன்மேல் நம்பர் போட்டிருப்பார்கள். அந்த நம்பர் அழகுக்கில்லை. ஆண்டுக்கொரு முறை மரங்களின் மகசூலை ஏலம் விடுவதற்கு. தலையில் மஞ்சள் பூசிய மைல்கற்களை எண்ணிக்கொண்டு வருவது பஸ் ஜன்னலோரப் பிள்ளைகளின் வேலை. சாலை அப்போது இரண்டே தடம், மொத்தம் 7 மீட்டர். முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் போனால் பின்னால் பத்து வண்டிகள் ஊர்ந்து வரும். டிரைவர் வலதுபக்கம் தலையை நீட்டிப் பார்த்து, ‘ரைட்’ கேட்டு, எதிரே லாரி வருவதற்குள் முந்த வேண்டும். அந்த நேரத்தில் பஸ்ஸுக்குள் பேச்சு நின்றுபோகும். நேருக்கு நேர் மோதல்தான் அன்றைய மரணம். திருச்சிக்கு எட்டு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு ஊர் பஸ் ஸ்டாண்டுக்குள்ளும் பஸ் நுழைந்து, வெள்ளரிப்பிஞ்சும் நுங்கும் முறுக்கும் ஜன்னல் வழியாக ஏறி, பிறகுதான் வெளியே வரும்.

1990-களின் இறுதியில் வாஜ்பாய் அரசு தேசிய நெடுஞ்சாலை மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது தங்க நாற்கரம்தான் முதல் செல்லப்பிள்ளை. சென்னை அதில் ஒரு மூலை. கொல்கத்தாவுக்கும் பெங்களூருவுக்கும் போகும் சாலைகள் அதில் வந்தன. ஜி.எஸ்.டி. வரவில்லை. அது தன் பங்கைத் துண்டு துண்டாகத்தான் வாங்கியது. முதலில் தாம்பரம் – திண்டிவனம், 2000-களின் முதல் பாதியில். அதற்குப் பிறகு திண்டிவனம் – உளுந்தூர்பேட்டை, உளுந்தூர்பேட்டை – பாடாலூர், பாடாலூர் – திருச்சி என்று தனித்தனி ஒப்பந்தங்கள். 2010 வாக்கில் திருச்சி வரை நான்கு வழி கிட்டத்தட்ட முழுமையானது. 2008-ல் கத்திப்பாரா சந்திப்பில் நேரு சிலையைச் சுற்றிக் க்ளோவர் இலை வடிவ மேம்பாலம் திறந்தார்கள். பிறகு தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுப் பக்கம் எட்டு வழி. அதற்கு மேலே தூண் நட்டு இன்னொரு சாலை போடும் பேச்சும் ஆண்டுக்கணக்காக ஓடுகிறது.

அகலம் கூடியபோது புளியமரங்கள் போயின. அரளி வந்தது. அரளியைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு புத்திசாலித்தனம் இருப்பதை மறுக்க முடியாது: தண்ணீர் அதிகம் கேட்காது, விஷச் செடி என்பதால் ஆடு மாடு வாய் வைக்காது, ஆள் உயரம் வளர்ந்து எதிர்ப்பக்க விளக்கின் கூச்சத்தை மறைக்கும். காரில் போகிறவருக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. நடுவில் நின்று காத்திருக்கிறவருக்கு அது நிழல்கூடத் தருவதில்லை.

பாதி கிணறு

எக்ஸ்பிரஸ்வே என்ற சொல்லை நாம் தாராளமாகப் புழங்குகிறோம். அகலமாக, வழவழப்பாக இருந்தால் நமக்கு எக்ஸ்பிரஸ்வே. சாலைப் பொறியாளர்களுக்கு அகலம் ஒரு பொருட்டே இல்லை. யார் எங்கே ஏறலாம், எங்கே இறங்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தியிருக்கிறதா என்பதுதான் அவர்கள் பார்ப்பது. இரு பக்கமும் வேலி, குறிப்பிட்ட இடங்களில் மட்டும் நுழைவு, சமதளத்தில் ஒரு சந்திப்புகூட இல்லை, பைக், டிராக்டர், மாட்டுவண்டி, பாதசாரி கிடையாது, குறுக்கே போக வேண்டியவர்களுக்கு மேலேயோ கீழேயோ வழி. இத்தனையும் இருந்தால்தான் அது அதிவேகச் சாலை. கர்நாடகப் பக்கம் போனால் தமிழ் வாசகர்கள் அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஹொஸ்கோட்டேயிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு 262 கி.மீ. நீளத்தில் புதிதாக எழும் பெங்களூரு – சென்னை விரைவுச் சாலை அப்படித் தொடக்கத்திலிருந்தே தனியாக வரையப்பட்டது. பெங்களூரு – மைசூரு சாலை வேறு கதை. அது பழைய நெடுஞ்சாலையையே உயர்த்திய வேலை, 118 கி.மீ. 2023 மார்ச்சில் திறந்தார்கள். முதல் சில மாதங்களிலேயே விபத்துச் சாவுகள் பயமுறுத்தின. ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர் எதுவும் நடுப்பாதையில் வரக்கூடாது, பக்கத்துச் சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். அப்படிச் சொல்ல முடிந்ததே அங்கே சர்வீஸ் ரோடு இருந்ததால்தான்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் சர்வீஸ் ரோடு ஊருக்கு ஊர் தொடங்கி, ஊர் முடிவதற்குள் தானும் முடிந்துவிடும். அதற்கு மேல் பைக்காரன் எங்கே போவான்? ஆம்னி பஸ்ஸுக்குப் பக்கத்தில்தான். வேகத்தில் எக்ஸ்பிரஸ்வேயை எட்டிப்பிடித்துவிட்டோம். கடவையில் இன்னும் கிராமச் சாலையிலேயே நிற்கிறோம். 2018-ல் மத்திய அரசு நான்கு வழிச் சாலைகளில் கார்களுக்கு 100 கி.மீ., விரைவுச் சாலைகளில் 120 கி.மீ. என்று வேக வரம்பை உயர்த்தியது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. சாலையில் போகிறவர்களிடம் கேட்டுப்பாருங்கள், உயர்ந்ததும் தெரியாது, ரத்தானதும் தெரியாது.

‘ராங் சைடு’ விவகாரத்தையும் இந்த இடத்தில்தான் பேச வேண்டும். நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் ஓரமாக வருகிற பைக்கையோ டிராக்டரையோ பார்த்தால் நாம் எல்லோரும் ஒரே வசனம் பேசுவோம்: “நம்ம ஜனங்களுக்கு ஒழுக்கமே இல்லை.” நானும் பேசியிருக்கிறேன். ஆனால் ஒரு விவசாயியின் இடத்திலிருந்து கணக்குப் பாருங்கள். வீட்டு வாசலில் ஏறினால் இடதுபக்கம்தான் திரும்ப முடியும். நிலமோ வலதுபக்கம் அரை கிலோமீட்டரில். நடுத்தடுப்புத் திறப்பு இடதுபக்கம் இரண்டு கிலோமீட்டரில். சட்டப்படி போனால் குறைந்தது நாலரை கிலோமீட்டர், டிராக்டருக்கு டீசல், அரை மணி நேரம். ராங் சைடில் போனால் இரண்டு நிமிடம். உழவு நேரத்தில் இதை ஒரு நாளைக்கு ஆறு தடவை செய்ய வேண்டும். இதில் ஒழுக்கத்தைவிடப் படம் வரைந்தவரின் கோணல்தான் பெரிதாகத் தெரிகிறது.

துண்டு துண்டாக வேலை செய்வதன் ஆபத்துக்கு உளுந்தூர்பேட்டையில் பிரிகிற சேலம் சாலையைவிட நல்ல சாட்சி கிடையாது. நான்கு வழிச் சாலைதான் அது. ஆனால் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி போன்ற ஊர்களின் புறவழிகளை இரண்டு வழியாகவே விட்டுவிட்டார்கள். 100-ல் வந்துகொண்டிருக்கிற டிரைவருக்கு, தடுப்பு முடிந்து எதிர்வண்டி தன் முகத்துக்கு நேரே வருகிற சாலைக்குள் நுழைந்துவிட்டோம் என்பது நள்ளிரவில் எப்படிப் புரியும்? எத்தனையோ குடும்பங்களை இழந்த பிறகுதான் அவற்றை நான்கு வழியாக்கும் வேலை தொடங்கியது. விக்கிரவாண்டியில் பிரியும் தஞ்சாவூர் சாலையைப் பற்றிக் கும்பகோணத்துக்காரர்களிடம் கேட்க வேண்டாம். அவர்கள் அந்தப் பேச்சை எடுத்தாலே இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இரவு இரண்டு மணி, பைபாஸ்

குறுக்கே கடப்பவர்கள் சாலையோரக் கிராமத்தார் மட்டும் இல்லை. இரவு பஸ்ஸில் வந்தவர்களுக்கு இது தெரியும். இரண்டு மணிக்குக் கண்டக்டர் தட்டி எழுப்புவார். “விழுப்புரம்லாம் யாரு? பைபாஸ்லயே இறங்கிக்கங்க, ஊருக்குள்ள போகாது.” அரசுப் போக்குவரத்துக் கழகமே ‘பைபாஸ் ரைடர்’ என்று பஸ்ஸின் நெற்றியில் எழுதி ஓட்டுகிறது. ஊருக்குள் போகாததுதான் அதன் பெருமை. இறங்கினால் ஒரு சோடியம் விளக்கு, ஒரு மூடிய பங்க் கடை, நாலு நாய். ஊர் இரண்டு கிலோமீட்டர் உள்ளே. சில நேரம் அதுவும் சாலைக்கு அந்தப் பக்கம். கையில் பெட்டி, தோளில் தூங்குகிற பிள்ளை, இடுப்பு உயரத் தடுப்புச் சுவர். ஆண்களாவது தாண்டிக் குதிப்பார்கள். மூட்டு வலிக்கிற அம்மாவை அழைத்துக்கொண்டு ஒருமுறை நான் அங்கே நின்றிருக்கிறேன். ஏறிக் கடப்பதா, ஆட்டோவுக்காக விடியும்வரை காத்திருப்பதா என்று யோசித்து, கடைசியில் அம்மாவே சொன்னார்: “உக்காந்துருவம்டா. விடியட்டும்.”

பெரம்பலூர் வட்டாரத்தில் மக்காச்சோள அறுவடை முடிகிற மாதங்களில் போனால் சர்வீஸ் ரோட்டில் பாதி மஞ்சளாக இருக்கும். கதிரைப் பரப்பிக் காயவைத்து, ஓரத்தில் கல் அடுக்கி, ஒரு தாத்தா குடையோடு காவல் இருப்பார். சாலையைக் களமாக்கலாமா என்று கோபப்படலாம். அந்தக் களத்து மேடுகள் சில எங்கே இருந்தன என்று கேட்டால், அவர் பிரதான சாலையின் நடுவே கை காட்டுவார்.

நிலம் கொடுத்தவர்களின் கணக்கு இன்னும் தீரவில்லை. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 1997-ல் செய்த திருத்தத்தால், சாலைக்கு நிலம் எடுத்தால் மற்ற கையகப்படுத்தல்களில் கிடைத்த 30 சதவீத ஆறுதல் தொகையும் வட்டியும் கிடைக்காமல் போயின. ஜி.எஸ்.டி. விரிவாக்கத்துக்கு நிலம் எடுத்த காலம் முழுக்க அந்தச் சட்டம்தான். பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவருக்கு ஒரு நியாயம், பக்கத்து வயலை ரோட்டுக்குக் கொடுத்தவருக்கு வேறு நியாயம். தர்செம் சிங் வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் இது சமத்துவத்துக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. 2015-க்கு முந்தைய கையகப்படுத்தல்களுக்கும் அது பொருந்தும் என்பதை 2025 பிப்ரவரியில் மறுபடியும் உறுதி செய்தது. தீர்ப்பு வந்த விஷயமே தெரியாமல் இந்தச் சாலையோரத்தில் எத்தனை பட்டாதாரர்கள் இருக்கிறார்களோ, அவர்களிடம் தாலுகா அலுவலகங்கள்தான் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும். வந்தவர்களைத் திருப்பி அனுப்பாமல் இருந்தாலே பெரிது என்பது வேறு விஷயம்.

டோல்கேட்டைப் பற்றி எழுதாமல் இந்தச் சாலையைப் பற்றி எழுதினால் வாசகர்கள் விடமாட்டார்கள். பரனூர், ஆத்தூர் (சேலம் சாலை ஆத்தூர் இல்லை), விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம்: சென்னையிலிருந்து திருச்சிக்கு ஆறு சாவடி. ஒரே தடத்தில் இரண்டு சாவடிகளுக்கு இடையே 60 கி.மீ. இருக்க வேண்டும் என்றும், அரசுப் பணத்தில் போட்ட சாலையில் மூலதனம் வசூலாகிவிட்டால் கட்டணம் 40 சதவீதமாகக் குறைய வேண்டும் என்றும் 2008-ல் வந்த விதிகள் சொல்லின. பரனூருக்கும் ஆத்தூருக்கும் இடையே அந்த 60 இல்லை. ஏப்ரல் 1, செப்டம்பர் 1 என இரண்டு தேதிகளில் கட்டணம் ஏறுவதும், மறுநாள் போராட்ட அறிவிப்பு வருவதும் நமக்குச் சித்திரைத் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது, 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் கார்களுக்கு 3,000 ரூபாயில் 200 முறை கடக்கும் பாஸ் வந்தது. சாவடியில் நிற்கிற நேரம் குறைந்திருக்கிறது, சந்தேகமில்லை. நான் கேட்பது ஒன்றுதான். காருக்குக் கட்டணம் வாங்கி, பைக்குக்கு இலவசம் என்று விட்டுவிட்ட இடத்திலேயே பைக்குக்கான பாதையையும் விட்டுவிட்டார்கள். பணம் தராதவருக்குப் பாதை எதற்கு என்ற எண்ணம் எங்கோ ஓர் ஓரத்தில் இருந்திருக்குமோ?

குறுக்கே கடப்பதன் ஆபத்தில் மதுவுக்கும் ஒரு பங்கு உண்டு. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கறிஞர் கே.பாலு தமிழ்நாட்டு அரசுக்கு எதிராக நடத்திய வழக்கில் வந்த தீர்ப்பு அது. சிறிய ஊர்களுக்கு 220 மீட்டர் என்று பிறகு தளர்த்தினார்கள். நல்ல தீர்ப்பு. கடைகள் உள்ளே போயின. சில இடங்களில் அவை சாலைக்கு அந்தப் பக்கம் போனதால், இருட்டிய பிறகு தள்ளாடிக்கொண்டு நான்கு வழியைக் கடக்கிற கூட்டம் புதிதாக உருவானதுதான் மிச்சம்.

தண்ணீரும் குறுக்கேதான் போகும்

செங்கல்பட்டு, விழுப்புரம் மாவட்டங்கள் ஏரி மாவட்டங்கள். ஒரு ஏரி நிரம்பி, கலங்கல் வழிந்து, அடுத்த ஏரிக்குப் போகும் சங்கிலி. நிலத்தின் சரிவு கிழக்கே கடலை நோக்கி. சாலையோ வடக்கிலிருந்து தெற்கே. ஆகவே இந்தச் சாலை எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் தண்ணீரின் வழியை வெட்டிக்கொண்டுதான் போகும். மதுராந்தகம் ஏரிக்கரையில், 18-ம் நூற்றாண்டின் இறுதியில், உடையவிருந்த கரையை ராமர் காத்ததைக் கலெக்டர் லியோனல் பிளேஸ் கண்டார் என்ற கதையை இன்றும் ‘ஏரி காத்த ராமர்’ கோயிலில் சொல்கிறார்கள். அந்தக் கோயிலைக் கடந்து போகிற சாலையில் தண்ணீரைப் பற்றி ஒருவர் யோசித்திருக்க வேண்டாமா?

நான்கு வழி போட்டபோது சாலையை மேடாக்கினார்கள். மேடு அணைபோல நிற்கிறது. சிறுபாலங்கள் பழைய அளவுக் கணக்கில், குப்பை அடைத்துக்கொண்டு. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அடுத்த ஓரிரு நாளில் விழுப்புரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடையே அரசூரில் வெள்ளம் நெடுஞ்சாலையின் மேலேறி ஓடியது. சென்னை – திருச்சி போக்குவரத்து நின்றது, வண்டிகளைத் திருப்பி விட்டார்கள். டிவியில் எல்லோரும் காட்டியது வரிசைகட்டி நின்ற கார்களை. மேட்டுக்கு மேற்கே வெளியேற வழியில்லாமல் தேங்கிய தண்ணீரில் நின்ற நெல்லைக் காட்டியவர்கள் குறைவு.

48 மணி நேரம்

2021 டிசம்பர் 18 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தொடங்கிவைத்தது மேல்மருவத்தூரில். விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும். தொடக்கத்தில் ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை. இந்தச் சாலையின் ஓரத்திலேயே அதைத் தொடங்கியது பொருத்தமான இடத் தேர்வு. உயிர் பிழைத்தவர்கள் உண்டு, இந்தத் திட்டத்தை மனதார வாழ்த்தலாம். ஆனாலும் மத்திய அரசின் 2023 கணக்குப்படி சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாடு. அந்த ஓராண்டில் 67 ஆயிரத்துக்கும் மேல். இறந்தவர்கள் 18 ஆயிரத்துக்கும் அதிகம். உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். இதற்குச் சாலைகளின் நீளம், வண்டிகளின் எண்ணிக்கை என்று சமாதானங்கள் சொல்வார்கள். சமயபுரம் கோயிலுக்கு மஞ்சள் புடவையோடு இரவெல்லாம் நடந்துபோகிறவர்களின் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவது நம் பாதுகாப்பு ஏற்பாடு என்றால், சமாதானங்கள் கொஞ்சம் மலிவாகத்தான் தெரிகின்றன.

புதிதாகக் கட்டும்போதாவது கற்றுக்கொண்டோமா என்று பார்க்கக் கிளாம்பாக்கம் போக வேண்டும். 2023 டிசம்பர் 30 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம். தென் மாவட்டப் பஸ்களெல்லாம் இனி அங்கிருந்துதான் என்றார்கள். உள்ளே பளபளப்பு, தரமான கழிப்பறை, அகலமான நடைமேடைகள், நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டின் மறுபுறம் ரயில் பாதை ஓடுகிறது. திறந்த அன்று அங்கே ரயில் நிலையமும் இல்லை, அதற்கு நடைபாலமும் இல்லை. நாட்டின் பெரிய பேருந்து நிலையங்களில் ஒன்றுக்கு வருகிறவர் சாலையை எப்படிக் கடப்பார் என்ற கேள்வி, ரிப்பன் வெட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. மதுராந்தகத்து அம்மாவுக்கு நடந்தது, சூட்கேஸோடு வந்த சென்னைவாசிக்கும் நடந்தது. அப்போதுதான் பத்திரிகைகளில் தலையங்கம் வந்தது.

அடுத்த கட்டப் பேச்சு தொடங்கிவிட்டது. நான்கை ஆறாக்குவது, எட்டாக்குவது, தூண்மேல் ஏற்றுவது. செய்யட்டும், வண்டிகள் பெருகியிருப்பது கண்கூடு. எந்த விரிவாக்கத்துக்கும் முன்னால் ஒரு கணக்கெடுப்பு நடக்கும். சாலையோரம் நாற்காலி போட்டு, ஏழு நாள், இரவும் பகலும், ஷிப்ட் மாற்றி மாற்றிப் பையன்கள் கோடு கிழித்து எண்ணுவார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் அட்டவணைப்படி கார் ஒன்று என்றால், பைக் அரை, லாரியும் பஸ்ஸும் மூன்று, டிரெய்லரோடு போகும் டிராக்டர் நாலரை, மாட்டுவண்டி எட்டு. சைக்கிளுக்கும் அரை உண்டு. கைவண்டிக்கு மூன்று. நடந்து கடக்கிறவருக்கு அந்த அட்டவணையில் எண் கிடையாது.

ஆறு வழிக்கான அளவெடுப்பு உங்கள் ஊருக்கு வரும்போது, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அரளி இல்லாத இடைவெளிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று கையோடு அழைத்துப்போய்க் காட்டுங்கள். கிராமசபையில் அவற்றின் பட்டியலைத் தீர்மானமாகப் போட்டுக் கலெக்டருக்கு அனுப்புங்கள். மண் தேய்ந்திருக்கும், கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.